வளைவை வெட்டுவதற்கு முன் சில்லைக் கழற்றிப் பாருங்கள்

சில்லுக்கு மேலே இருக்கும் மட்காட் வளைவை அகலமாக்கிக் கெடுத்து, இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது கார் இது. முதல் இரண்டையும் வாயைத் திறக்காமல் திருத்தி அனுப்பினேன். மூன்றாவதுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாலு கதவு மொறிஸ் மைனர். ஒரு தம்பியின் அப்பப்பா வாங்கிய கார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு எழுப்புவார்கள். இடப்பெயர்வு, செல்லடி, புகை எல்லாம் தாங்கி நின்ற வண்டி. அதைப் போன மாதம் கனடாவிலிருந்து வந்த பேரன் ஓரிடத்தில் கொடுத்து நாலு சில்லுக்கும் அகல வளைவு அடித்து, கறுப்பு அலோய் றிம் போட்டு, 205 மில்லிமீற்றர் அகல ரயர் ஏற்றியிருக்கிறார். பார்க்க வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. அடுத்த கிழமை கலியாண ஓட்டம். பொம்பிளை வீட்டார் ஐந்து பேர் ஏறி, நாவற்குழிப் பாலம் தாண்டியதும் பின்ரயர் வெடித்துவிட்டது. ஆள் ஏறக் கார் கீழே பதிந்திருக்கிறது, ரயரின் தோள் வளைவின் உள்விளிம்பில் உரசியிருக்கிறது, கத்தி போட்டதுபோலச் சீவிவிட்டது. நான் போய் ஜக் வைத்துப் பார்த்தபோது அதைவிடப் பெரிய கதை முன்னால் இருந்தது. வலது முன்சில்லைப் பூட்டி வைக்கிற ஆணிகளில் ஒன்று முறிந்து போயிருந்தது, இரண்டு நட்டு கையால் சுற்றக்கூடிய அளவுக்கு இளகியிருந்தது. இன்னும் இரண்டு மைல் ஓடியிருந்தால் சில்லு தனியாக ஓடியிருக்கும். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு பட்டுச்சேலையில் கிறீஸ் பட்டதோடு போயிற்று.

தம்பியிடம் கேட்டேன், "ஏன் ராசா இதைச் செய்தனீர்?" பதில் எனக்கு மனப்பாடம். "அண்ணை, வளைவு அகலமெண்டால் கார் ரோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும்தானே. பிரேக்கும் நல்லாப் பிடிக்கும்."

நிற்காது. பிடிக்காது. முப்பது வருடமாக டிங்கரிங் வேலை செய்கிறவன் சொல்கிறேன், மட்காட் வளைவு என்பது ஒரு மூடி. சேற்றையும் கல்லையும் மேலே தெறிக்காமல் மறிக்கிற தகரம். சட்டிக்குப் பெரிய மூடி போட்டால் சோறு கூடுமா? ஓட்டப்போட்டிக் கார்களில் அகல வளைவு வந்த கதையே வேறு. அவர்களுக்கு வேகத்துக்கு அகல ரயர் தேவைப்பட்டது. ரயர் உடம்புக்கு வெளியே தெரியக்கூடாது என்று போட்டி விதி இருந்தது. ஆகவே ரயரை மூட வளைவை இழுத்தார்கள். முதலில் அடிப்பாகம், பிறகு பிரேக், பிறகு சில்லு, கடைசியில் வளைவு. எங்களிடம் வளைவு முதலில் வருகிறது, அதற்குள் நிரப்ப ரயர் தேடுகிறார்கள், ரயர் வெளியே வரவேண்டும் என்று சில்லுக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தடிப்புத் தட்டு வைக்கிறார்கள்.

சரி, ரயர் அகலமானால் பிடிமானம் கூடாதா என்று கேட்பீர்கள். ரயர் ரோட்டில் பதிகிற பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதன் மேல் இருக்கும் பாரமும் உள்ளே இருக்கும் காற்றும். அகல ரயர் போட்டால் பதிவு பக்கவாட்டில் நீண்டு முன்பின்னாகக் குறுகும், அவ்வளவுதான். பெரிதாகக் கூடிவிடாது. மைனருக்குக் கொம்பனி போட்ட ரயர் 5.20-14, அதாவது ஐந்தேகால் அங்குலம் கூட அகலமில்லை. ஆள் ஏறாத மைனர் எண்ணூறு கிலோவைத் தொடாது. இந்தப் பாரத்துக்கு 205 ரயர் போட்டால் மழைத்தண்ணீரில் அது மிதக்கத்தான் பார்க்கும். கார்த்திகை மாத மழையில் ஏ9 வீதியில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரேக்கோ அதே ட்ரம் பிரேக். 1962-க்கு முந்திய மைனரில் முன் ட்ரம் ஏழு அங்குலம், பிறகு எட்டு. ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு பிரேக்கை வைத்துக்கொண்டு ரயரை அகலமாக்கி என்ன காண்பது?

இன்னொன்று சொல்ல வேண்டும். மொறிஸ் மைனரை ஒரு தடவை ஏற்கெனவே அகலமாக்கியாகிவிட்டது. அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், கார் 1948-இல் வெளிவருவதற்கு முன், செய்து முடித்த மாதிரிக் காரைப் பார்த்துவிட்டு ஒடுக்கமாக இருக்கிறது என்று நடுவால் இரண்டாகப் பிளக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலத்தில் நிறுத்தினார். பொனற்றின் நடுவில் தட்டையாக ஒரு பட்டி ஓடுகிறதே, அந்த நாலு அங்குலம்தான் அது. அதற்குள் பம்பர்கள் அடித்து முடிந்திருந்ததால், ஆரம்பகாலக் கார்களில் பம்பரையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்துப் பூட்டினார்கள். அந்த மனிதர் அகலமாக்கியது முழுக் காரையும். மூடியை மட்டும் இல்லை.

இனி ஆணி முறிந்த கதை. மைனரின் சில்லில் நாலு ஆணி, எதிரெதிர் ஆணிகளின் நடுவுக்கு நடு நாலு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். இங்கே கிடைக்கிற யப்பான் அலோய் றிம் பெரும்பாலும் 100. "ஒண்டரை மில்லிமீற்றர்தானே, அடிச்சால் ஏறும்" என்கிறார்கள். ஏறும்தான். நட்டின் கூம்பு துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், இறுக்கும்போது கைக்கு இறுகினதுபோலவே இருக்கும், ஆனால் கூம்பு துளையில் சரியாகப் பதிந்திருக்காது. ஓட ஓட ஆணி வளைந்து வளைந்து களைக்கும். பிறகு இளகும், பிறகு முறியும். அலோய் தடிப்பானது வேறு. பழைய இரும்பு றிம்முக்கு வெட்டிய ஆணியின் நீளம் அதற்குப் போதாது. மைனரின் ஆணி 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. நட்டு குறைந்தது ஒன்பது சுற்றுச் சுற்றி இறுக வேண்டும். ஐந்து சுற்றில் நின்றால் அந்தச் சில்லோடு கேற்றுக்கு வெளியே போகாதீர்கள். ஸ்பேசர் போட்டவர்கள் இதை இரண்டு தடவை எண்ணிப் பாருங்கள்.

சில்லை வெளியே தள்ளினால் நெம்புகோல் நீளுகிறது. ஒரு முன்சில்லில் ஏறத்தாழ 200 கிலோ. 40 மில்லிமீற்றர் வெளியே தள்ளினால் கார் சும்மா நிற்கும்போதே பேரிங்குக்கும் குத்துக்காலுக்கும் அந்த மேலதிக முறுக்கு. குழியில் விழும்போது அது பல மடங்கு. மைனரின் முன்சில்லைத் தாங்குகிற குத்துக்கால் கீழே ட்ரனியன் என்ற மரை வெட்டிய துண்டுக்குள் திருகி நிற்கிறது. கிறீஸ் காய்ந்தால் மரை தேயும், தேய்ந்தால் கழன்று வரும், சில்லு மடிந்து காரின் கீழே படுத்துவிடும். நல்ல ஒரிஜினல் மைனருக்கே இது வரும். எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் கிறீஸ் கன்னைக் கும்பிடாத குறையாக வைத்திருந்தது அதனால்தான். இந்தத் தம்பியின் காரில் கடைசியாக எப்போது கிறீஸ் அடித்தார்கள் என்று அப்பப்பாவைத்தான் கேட்கவேண்டும், அவர் இல்லை.

இப்போது வெட்டுகிற விசயம். எல்லாப் பழைய காரும் ஒன்றல்ல. ஒஸ்ரின் ஏ40 சோமசெற் 1952 முதல் 1954 வரை வந்தது, கீழே தனிச் சேசி, அதாவது பாரம் தாங்கும் இரும்புச் சட்டம், உண்டு. 1954-இல் வந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலிருந்து சேசி கிடையாது, உடம்புத் தகரமே சேசி. பின்மட்காட் உடம்போடு சேர்த்து ஒட்டியது. வெளித்தகரமும் உள்வளைவும் சந்தித்துப் புள்ளி வெல்டிங்கில் ஒட்டியிருக்கும் இடம்தான் வளைவின் விளிம்பு. அதைக் கட்டரால் சுற்றி வெட்டி எடுத்தால் இரண்டு தகரமும் தனித்தனியாகிவிடுகிறது. இந்த மாதத்தின் முதலாவது கார் அப்படி வெட்டிய ஒரு கேம்பிரிட்ஜ்தான். வெட்டிய இடைவெளியைக் கட்டலோய் என்ற நிரப்புப் பசையால் நிரப்பி, மேலே ஃபைபர் வளைவை ரிவெட் அடித்திருந்தார்கள். பின்கதவு மூட மறுக்கிறது என்று கொண்டுவந்தார்கள். மறுக்காமல் என்ன செய்யும்? நாலு கதவுக் காரில் பின்கதவின் கீழ்மூலை வளைவோடு ஒட்டி வரும். வளைவைக் கதவின் மேலால் இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தால் எங்கே போவது? இரண்டாவது கார் பொக்ஸ் லான்சர் என்ற பழைய மிற்சுபிசி, அதைப் பற்றி எழுதினால் எனக்குப் பிரஷர் ஏறும்.

மைனர்காரர்களுக்கு அதிர்ஷ்டம். முன்னும் பின்னும் மட்காட் நாலும் போல்ற்றில் பூட்டியவை. ஆசை அடங்கவில்லை என்றால் பழையதைக் கழற்றி, பின்பக்கம் துரு சுரண்டி, பெயின்ற் அடித்து, பழைய போர்வையில் சுற்றி வீட்டில் வையுங்கள். அகல மட்காட்டைத் தனியாகச் செய்து பூட்டலாம். நாளைக்கு மனம் மாறினால் ஒரு நாள் வேலையில் அப்பப்பாவின் கார் திரும்ப வந்துவிடும். கேம்பிரிட்ஜுக்கு அந்த வசதி இல்லை, வெட்டினால் வெட்டினதுதான்.

அப்படியும் வெட்டுவதென்றால், தகரத்தில் கட்டர் படுவதற்கு முன் அளவு பாருங்கள். போடப்போகும் சில்லைப் பூட்டி, உள்வளைவில் அங்கங்கே களிமண் உருண்டை ஒட்டி, பின்சீற்றில் நாலு சாக்கு அரிசி ஏற்றி, ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, மேடுபள்ளத்தில் மெதுவாக ஓட்டுங்கள். களிமண் நசிந்த இடம் சொல்லும் எங்கே எவ்வளவு தேவை என்று. பாதிப்பேருக்கு இந்தச் சோதனையோடு ஆசை தீர்ந்துவிடும். உள்விளிம்பை வெட்டி எறியாமல் கீறிக் கீறிப் பட்டிகளாக்கி வெளியே மடித்து, வெளித்தகரத்தோடு திரும்ப வெல்டிங் பண்ணவேண்டும். இடைவெளி விட்டு விட்டு, தகரம் ஆற ஆற. பிறகு சந்து அடைக்கும் பசை, பிறகு துருத்தடுப்பு பிரைமர், பிறகுதான் வளைவு. ரிவெட்டை விடப் போல்ற்று நல்லது, கழற்றிக் கழுவலாம்.

கழுவத்தான் வேண்டும். இது யாழ்ப்பாணம். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் ஒரு தரம் போய் வந்தால் உப்புக்காற்றும் ஈரச்சேறும் அந்த ஃபைபருக்குப் பின்னால் போய்க் குடியிருக்கும். ஒரு வளைவுக்குப் பன்னிரண்டு ரிவெட் என்றாலும் நாலுக்கும் 48 துளை. பெயின்ற் படாத 48 துளை. ஒரு வருடத்தில் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே விரல் விட்டால் விரல் மற்றப்பக்கம் வரும்.

பெற்றோல் தாங்கி பற்றிக் கெஞ்சிக் கேட்கிறேன். மைனரில் அது டிக்கியின் அடியில் இருக்கிறது. பின்வளைவில் வெல்டிங் பண்ண முன் அதைக் கழற்றி வெளியே, தூரத்தில் வையுங்கள். "தாங்கி காலி அண்ணை" என்று சொல்லாதீர்கள். நிறைந்த தாங்கியை விட ஆவி நிற்கும் காலித் தாங்கிதான் பொல்லாதது. பற்றரி வயரையும் கழற்றுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் தீயணைக்கும் சிலிண்டரோடு நிற்கட்டும். ஃபோனோடு அல்ல.

வெட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பிறகு விபத்து நடந்த இடத்தில் நின்று எனக்குப் ஃபோன் எடுத்துப் பிரயோசனமில்லை. சின்ன விசயம் ஒன்று, உங்கள் ஒழுங்கையையும் கேற்றையும் அளந்து பார்த்தீர்களா? ஐந்தடி அகலக் காருக்கென்று அளந்து கட்டிய தூண்கள் அவை. போன வருடம் ஒருவர் புது வளைவைக் கேற்றுத் தூணிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த மைனர் இப்போது என் கராஜில், கட்டைகளின் மேல் நிற்கிறது. பழைய றிம் நாலும் கிடைத்துவிட்டது. ட்ரனியன் இரண்டும் புதுசு போட்டாயிற்று, பேரிங் மாற்றியாயிற்று. மட்காட்டுக்குத்தான் பாடு. பூட்டியவர்கள் கழற்றிய பழையதைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார்களாம். மூன்றைத் தேடிப் பிடித்துவிட்டேன். வலது பின்மட்காட் ஒன்று யாருடைய வீட்டுக் கோடிப்புறத்திலாவது, கோழிக்கூட்டுக்கு மேலாவது கிடந்தால் சொல்லுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, விளிம்பு மட்டும் முழுசாக இருக்கவேண்டும்.