‘வோக்கெட்’ ஏன் ‘வோக்ற்’ ஆகிறது?

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். ஆண்டு 7 படிக்கும் மகளுக்கு ரியூசனில் ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்களாம். ஆங்கில வினைச்சொல்லோடு ‘ஈ, டி’ சேர்த்து இறந்தகாலம் ஆக்கினால் அது மூன்று விதமாக ஒலிக்கும். எந்தச் சொல்லுக்கு எந்த ஒலி என்று மூன்று நிரல்கள். பிள்ளை பாடமாக்குகிறாள், மறக்கிறாள், திரும்பப் பாடமாக்குகிறாள். ஒரே எழுத்துக்கு மூன்று சத்தம் வருவதற்குக் காரணம் ஏதும் உண்டா, அல்லது ஆங்கிலம் என்றாலே அப்படித்தானா என்று கேட்கிறார்.

காரணம் உண்டு. அது தொண்டைக்குள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அட்டவணை தேவைப்படாது.

ஆங்கில ‘ரி’யின் ஒலியை மாக்கற், ரிக்கற் என்று எழுதும் எங்கள் வழக்கப்படி ற் என்றும், ‘டி’யின் ஒலியை ட் என்றும் இங்கே எழுதுகிறேன். நடப்பதைக் குறிக்கும் வோக், இறந்தகாலத்தில் வோக்ற்; எழுத்தைப் பார்த்துப் பலர் சொல்லும் வோக்கெட் அல்ல. விளையாடுவதைக் குறிக்கும் பிளே, பிளேட். வேண்டும் என்ற பொருளுள்ள வொன்ற், வொன்ரிட். ற், ட், இட். மூன்று சத்தமும் இவைதான்.

இப்போது இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ‘பம்பரம்’ என்று ஆறுதலாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப வரும்போது விரலுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது ப வரும்போது தொண்டை அதிரும். எழுத்து ஒன்று, உதடு மூடும் விதமும் ஒன்று, வேறுபாடு குரல்நாண்களில்தான். முதலாவதில் அவை விலகி நிற்கின்றன. இரண்டாவதில் நெருங்கி நின்று, இடையால் போகும் காற்றில் அதிர்கின்றன. வளர்ந்த ஆண் பேசும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 தடவை, பெண் பேசும்போது 200 தடவை அளவில் அந்த அதிர்வு நடக்கும்.

அதிர்வுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதுதான் இதில் உயிரான விசயம். நுரையீரல் பக்கம் அமுக்கம் கூடவும் வாய்ப்பக்கம் குறையவும் இருந்தால்தான் நாண்களுக்கு இடையே காற்று பாயும். வோக் என்ற சொல்லின் முடிவில் நாக்கின் பின்பகுதி அண்ணத்தில் முட்டி வழியை அடைத்துவிடுகிறது. நாண்களும் விலகி நிற்கின்றன. உள்ளே இருந்த காற்று மேலே வந்து நிரம்ப, இரண்டு பக்க அமுக்கமும் சமப்படுகிறது. அந்த நிலையில் உடனே அதிர்வுள்ள ட் ஒலியைத் தொடங்கு என்றால் எப்படித் தொடங்கும்? நாண்களை நெருக்கினாலும் அவற்றை அசைக்கக் காற்று ஓடவில்லை. அடைப்பைத் திறந்து, ஒரு சின்ன உயிரொலியை இடையில் விட்டு, மறுபடி அடைத்தால் முடியும். அதற்கு நேரமில்லை. இவ்வளவும் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவில் நடந்து முடிகிற வேலை. ஆகவே நாக்கு தன் இடத்துக்குப் போகிறது, தொண்டை சும்மா இருக்கிறது, ட் அதிர்வை இழந்து ற் ஆகிறது.

பிளேயில் நிலைமை வேறு. அது உயிரொலியில் முடிவதால் நாண்கள் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கின்றன; நிறுத்த வேண்டிய தேவை இல்லை, ட் அப்படியே வருகிறது. நிறுத்துவதைக் குறிக்கும் ஸ்ரொப், பம்பரத்தின் முதல் ப ஒலியில் முடிகிறது, ஆகவே ற். கொள்ளையடிப்பதைக் குறிக்கும் றொப், இரண்டாவது ப ஒலியில் முடிகிறது, ஆகவே ட். விரல் தொண்டையில் இருந்தால் போதும், விடை கைக்குத் தெரியும்.

மூன்றாவது ஒலிதான் பழையது. ஒரு காலத்தில் பெரும்பாலான வினைகளில் அந்த இடைப்பட்ட உயிரொலியைச் சொன்னார்கள். பிறகு அது மெல்ல மெல்ல உதிர்ந்தது. 1712இல் எழுத்தாளர் ஜொனதன் ஸ்விப்ற், இப்படி உயிரெழுத்தை விழுங்கி மெய்யெழுத்துகளை மோதவிடுவது ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்று கோபப்பட்டு எழுதினார். மொழி அவருக்குக் காத்திருக்கவில்லை. ஆனால் ற், ட் என்று முடியும் சொற்களில் உயிரொலி தப்பிவிட்டது. அது போனால் வொன்ற் என்பதோடு இன்னொரு ற் ஒட்டி, நிகழ்காலமா இறந்தகாலமா என்று காதுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

சில சொற்களில் உண்மையில் அப்படித்தான் நடந்தது. கற், புற், ஹிற், ஷற், ஸ்பிரெட் போன்றவை நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் மாறாதவை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அவற்றின் கடைசி ஒலியைப் பாருங்கள். எல்லாம் ற் அல்லது ட். இறந்தகால விகுதி சொல்லின் முடிவொலிக்குள் கரைந்த இடங்கள் அவை. விதிவிலக்கு என்று பாடமாக்கிய பட்டியலுக்குள்ளும் அதே விதி ஒளிந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அமெரிக்காவில் ஜீன் பேர்கோ என்ற ஆய்வாளர் 1958இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இல்லாத சொற்களைக் கொடுத்தார். படத்தில் ஒருவன் ‘றிக்’ செய்கிறான்; நேற்று என்ன செய்தான்? பெரும்பாலான பிள்ளைகள் ‘றிக்ற்’ என்றார்கள். பிறந்ததில் இருந்து கேட்டிராத சொல், ஆனால் ஒலி சரி. ‘மொற்’ என்ற சொல்லில்தான் பலர் தடுமாறி அப்படியே விட்டார்கள். ஏற்கெனவே ற் ஒலித்துவிட்டதால் இறந்தகாலம் சேர்ந்துவிட்டது போல அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

எங்கள் பிள்ளைகளும் இதே வேலையைத் தமிழில் செய்கிறார்கள். இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் வகுத்தது. செய்தான் என்பதில் த். உண் என்பதன் ண், நாக்கை மேலண்ணத்துக்கு வளைத்து வைத்திருக்கிறது. அங்கிருந்து பல்லுக்கு இறங்கி த் சொல்லாமல், நின்ற இடத்திலேயே ட் சொல்லி உண்டான் என்கிறோம். தின் என்பதோடு சேர்ந்தால் ற், தின்றான். யாழ்ப்பாணத்து வாய் இன்னும் ஒரு படி போய் அதையும் திண்டான், நிண்டான் என்று ஆக்கிவிட்டது. ஆங்கிலத்தில் தொண்டை பக்கத்து ஒலிக்கு இணங்குகிறது, தமிழில் நாக்கு இணங்குகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரும் இதற்கு அட்டவணை கொடுப்பதில்லை.

தமிழ் நாக்கு தடித்தது, அதற்கு ஆங்கிலம் வராது என்று பெரியவர்களே பிள்ளைக்கு முன்னால் சொல்கிறார்கள். இது மூடநம்பிக்கை. பக்தி, சக்தி என்று கோயிலில் தடங்கலில்லாமல் சொல்லும் வாய்க்கு, க் ஒலியை அடுத்து அதிர்வில்லாத இன்னொரு மெய்யைச் சொல்வது புதிதல்ல. வோக்கெட் என்று வருவது கண் எழுத்தைப் பார்ப்பதால். எழுதியபடி வாசிக்கலாம் என்பது தமிழ் கொடுத்த பழக்கம்.

யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பைப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா ஆராய்ந்து வழி திறந்து வைத்தார். இன்று குரல் அலையை அளக்க ஆம்ஸ்ரர்டாமில் உருவான ‘பிராட்’ மென்பொருள் இலவசம். ஒரு மடிக்கணினியும் நல்ல ஒலிவாங்கியும் போதும். நெடுந்தீவு, நயினாதீவு என்று போய் முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்ய ஆளும் பயணச் செலவும்தான் வேண்டும். மொழி விழாக்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோண்டாவில் தாய்க்கு: அந்த அட்டவணையை மூடிவைத்துவிட்டு மகளின் விரலைத் தொண்டையில் வைக்கச் சொல்லுங்கள். பாடமாக்க வேண்டியவை கொஞ்சம்தான். நிர்வாணத்தைக் குறிக்கும் நேக்கிட், தீயதைக் குறிக்கும் விக்கிட், கற்றறிந்தவரைக் குறிக்கும் லேணிட் போன்ற பெயரடைகள் பழைய உயிரொலியை இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. அவற்றில் எழுத்தைப் பார்த்தே வாசிக்கலாம்.