வீல்சேரில் இருந்தபடி சமையலறைக் கபோர்டு செய்யலாமா?

முதுகுத்தண்டுவடத்தில் அடிபட்டு வீடு திரும்பியவர்கள் சமையலறையைப் பற்றி உடனே கேட்பதில்லை. முதலில் நடக்க முடியுமா என்பது, அப்புறம் கழிவறை, அப்புறம் வேலை. அடுப்படி கடைசியில்தான் வரும். அதுவும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், "ஒரு டீ போடக்கூட யாரையாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கேன்" என்று. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளப் பயிற்சி தருபவர்) என்ற முறையில் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும்போது காரணம் கண்ணெதிரேயே இருக்கும். மேடை நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. அதன் கீழுள்ள கபோர்டு கதவில் முழங்கால் இடிக்கிறது. சாம்பார்ப் பொடி டப்பா கைக்கு எட்டாத தட்டில் இருக்கிறது.

சிலர் அடுத்த கேள்வியையும் கேட்பார்கள்: "நானே செஞ்சுக்கலாமா?" விபத்துக்கு முன்னால் கைத்தொழில் செய்தவர்கள்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்பது. எலக்ட்ரீஷியன், வெல்டர், சென்டரிங் வேலை பார்த்தவர். வீட்டில் உள்ளவர்கள் "உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்" என்று முடித்துவிடுவார்கள். நான் செய்யலாம் என்றுதான் சொல்கிறேன். எந்தப் பகுதியை உங்கள் கையால் செய்வது, எதைக் கடைக்காரரிடம் விடுவது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அளவெடுக்கும் வேலையை மட்டும் யாரிடமும் விட வேண்டாம்.

ஆசாரியிடம் கேட்டால் "ஸ்டாண்டர்டு சைஸ் 33 இன்ச் சார்" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை; நின்று சமைப்பவருக்கு 32 முதல் 34 இன்ச் வரை சரிதான். ஆனால் நின்று சமைப்பதே நமக்குப் புதுப் பழக்கம். கேஸ் அடுப்பு பரவுவதற்கு முன் மண் அடுப்பு, அரிவாள்மனை, அம்மி எல்லாமே தரையில் இருந்தன, உட்கார்ந்துதான் சமைத்தார்கள். உட்கார்ந்து சமைப்பது ஏதோ சலுகை கேட்பது போலப் பேசப்படும்போது இதை நான் ஞாபகப்படுத்துவதுண்டு.

அளவு எங்கிருந்து வரும்

உங்கள் வீல்சேரில், நீங்கள் தினமும் பயன்படுத்தும் குஷனோடு, செருப்பு போட்டால் செருப்போடு உட்காருங்கள். தரையிலிருந்து தொடையின் மேல்பக்கம் வரை எவ்வளவு, முழங்காலின் உச்சி வரை எவ்வளவு, மடித்த முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று மூன்றையும் எழுதி வையுங்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்து அளப்பது உதவாது. உயரம் மாறும், குஷன் இருக்காது, கால் வைக்கும் தட்டும் இருக்காது.

அமெரிக்காவின் ஏடிஏ எனும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் தரவிதி, முழங்கால் நுழைய 27 இன்ச் உயரமும் 30 இன்ச் அகலமும் வேண்டும், மேடை 34 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. முழங்கால் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 34 இன்ச் மேடை நம் ஊர் உடம்புக்கு உயரம் அதிகம். தோளைத் தூக்கிக்கொண்டே வெங்காயம் நறுக்க வேண்டிவரும். வீல்சேரைக் கையால் தள்ளுகிறவருக்குத் தோள்மூட்டு ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கும் இடம். பெரும்பாலானவர்களுக்கு 29 முதல் 30 இன்ச் வரை நான் சொல்கிறேன்.

இந்த 30 இன்ச்சிலிருந்து என்னென்ன கழியும் என்று பாருங்கள். கிரானைட் முக்கால் இன்ச், அடியில் பிளைவுட் முக்கால் இன்ச். மீதி இருபத்தெட்டரை. இது போதும். ஆனால் கல் கடைக்காரர் அழகுக்காக முன்விளிம்பில் இன்னொரு பட்டை ஒட்டி டபுள் நோசிங் போட்டுத் தருவார். ஆசாரி அதற்குக் கீழே ஒரு சட்டம் கொடுப்பார். இரண்டும் சேர்ந்தால் முழங்கால் இடிக்கும். இரண்டையும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிங்க் இன்னும் மோசம். கடையில் எடுத்துக் காட்டுவதெல்லாம் 8, 9 இன்ச் ஆழம். 30 இன்ச் மேடையில் 9 இன்ச் தொட்டி தொங்கினால் கீழே 21 இன்ச்தான் மிஞ்சும். 5 அல்லது 6 இன்ச் ஆழத்தில், தண்ணீர் போகும் துளை பின்பக்கமாக இருக்கிற சிங்க் கேளுங்கள். சிங்கின் அடிவிளிம்பு, பைப் கிளாம்பு, நீட்டிக்கொண்டிருக்கும் திருகு முனை எல்லாவற்றையும் ஒரு பலகையால் மறைத்துவிட வேண்டும். காலில் உணர்ச்சி இல்லாதவருக்குத் தோல் கிழிந்தது தெரியாது. மாலையில் லுங்கியில் ரத்தம் பார்த்துத்தான் தெரியவரும்.

அடுப்புக்குக் கீழே முழங்கால் வேண்டாம்

மேடை முழுக்கக் கீழே திறந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நறுக்கும் இடத்திலும் சிங்கிலும் திறந்திருக்கட்டும். அடுப்புக்கு நேர் கீழே டிராயர் வையுங்கள். கால் உள்ளே போனால் பொங்கி வழிவதெல்லாம் மடியில்தான் விழும். உணர்ச்சியற்ற தொடையில் கொதிநீர் பட்டால் வலிக்காது, அதனால் கையும் விலக்காது. புண் ஆழமாகிவிடும். சூடான பாத்திரத்தை மடியில் வைத்து எடுத்துப்போவதும் இதே ஆபத்துதான். நான் பார்க்கும் தீக்காயங்களில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது.

இதற்குத் தீர்வு மேடையின் அமைப்பிலேயே இருக்கிறது. அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும், அடுப்பின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தாழ்த்துங்கள். சாதாரண இரண்டு பர்னர் அடுப்புக்கு இது 4, 5 இன்ச் வரும். பர்னரின் மேல்மட்டமும் நறுக்கும் மேடையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். குக்கரைத் தூக்க வேண்டியதில்லை, அடுப்பிலிருந்து கல்லுக்கு அப்படியே இழுத்துவிடலாம். பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதும் உட்கார்ந்தபடி தெரியும். பக்கவாட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு கிளறுங்கள். சாதம் வடிப்பதாக இருந்தால் அடுப்பும் சிங்கும் ஒரே கல்லில், நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும்.

தாழ்த்தும்போது ஒரு எல்லை உண்டு. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். சிலிண்டரைக் கபோர்டுக்குள் வைத்தால் கதவின் அடியில் காற்றுத் துளைகள் அவசியம். வீட்டுக்குள் வீல்சேர் இல்லாமல் தரையில் நகர்ந்து வேலை செய்கிறவர்கள் நம் கிராமங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள், குறிப்பாகப் போலியோ வந்தவர்கள். 30 இன்ச் மேடை அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லாதது. ஓர் அடி உயரத்தில் மேடை போட்டால் கேஸ் அடுப்பு சிலிண்டருக்குக் கீழே போய்விடும். அவர்களுக்கு நான் இன்டக்‌ஷன் அடுப்பைச் சொல்கிறேன், தனியாக ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டோடு.

மேல் கபோர்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடையைத் தாண்டிக் கை நீட்டும்போது உட்கார்ந்தவருக்கு 44 இன்ச்சுக்கு மேல் எட்டாது. மேல் கபோர்டு தொடங்குவதே அதற்கு மேலேதான். அந்தக் காசைக் கீழே ஃபுல் எக்ஸ்டென்ஷன் டெலஸ்கோபிக் சேனல் போட்ட டிராயர்களில் போடுங்கள். டிராயர் முழுதாக வெளியே வந்தால் பின்னால் இருக்கும் டப்பாவைத் தேட வேண்டியதில்லை. குமிழ்க் கைப்பிடி வேண்டாம், ஆங்கில D எழுத்து வடிவக் கைப்பிடி போடுங்கள். விரல் மடங்காதவரும் கையை நுழைத்து இழுக்கலாம். லாஃப்ட்டை வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள், தீபாவளிப் பாத்திரங்களுக்கு.

கையால் செய்வது எது, கடையில் விடுவது எது

8 அடிக்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஷீட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும், நிரம்பிய கேஸ் சிலிண்டர் கனம். அதை வீட்டுக்கு வரவழைக்கவே வேண்டாம். இப்போது பல ஊர்களில் பேனல் சா (பலகை அறுக்கும் பெரிய இயந்திரம்) வைத்துத் துண்டு போட்டு, எட்ஜ் பேண்டிங்கும் (வெட்டிய ஓரத்தில் பட்டை ஒட்டுவது) செய்து தருகிறார்கள். அளவுப் பட்டியலை மட்டும் கொண்டுபோங்கள். சிங்க் பக்கத்துக்கு தண்ணீரைத் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் வாங்குங்கள். மைக்கா ஒட்டிய பலகையாகவே வாங்கினால் கான்டாக்ட் பசையின் நெடியும் தீ ஆபத்தும் வீட்டுக்குள் வராது.

சர்க்குலர் சாவை (வட்ட பிளேடு சுழலும் மின்ரம்பம்) வீல்சேரில் இருந்து இயக்குவது பற்றி என் கருத்து கறாரானது: வேண்டாம். பிளேடு தொடைக்கு நேராக ஓடும், பலகையில் சிக்கி ரம்பம் பின்னால் உதைத்தால் விலகிக்கொள்ள வழியில்லை. துண்டு போட்டு வந்த பலகையில் செய்ய வேண்டியது துளையிடுவது, திருகுவது, சேனல் பொருத்துவது, கீல் மாட்டுவது. இதெல்லாம் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. பலகையை மடியில் வைத்து வேலை செய்யாதீர்கள். 28 இன்ச் உயர மேசையில் கிளாம்பு போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் போதும், ஒரு கிலோ அளவில்தான் இருக்கும்.

டிரில்லை முன்னால் அழுத்தினால் வண்டி பின்னால் போகும். பிரேக் போடுவது எல்லாருக்கும் தெரியும். முன்சக்கரங்களை முன்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு குனிந்தால் வண்டி முன்பக்கம் எளிதில் கவிழாது என்பது பலருக்குத் தெரியாது. வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்தினாலே சக்கரம் அப்படித் திரும்பிவிடும். தண்டுவடத்தில் நெஞ்சு மட்டத்தில் அடிபட்டு இடுப்பில் பலம் இல்லாதவர்கள் மார்புப் பட்டை கட்டாமல் இரண்டு கையையும் வேலையில் போடக் கூடாது. கால் திடீரென்று வெட்டி இழுக்கும் பழக்கம் இருந்தால் பாதத்தையும் பட்டையால் கட்டுங்கள்.

கபோர்டின் ஒவ்வொரு பெட்டியையும் 18 இன்ச் அகலத்துக்குள் வைத்தால் 15 கிலோவுக்குள் முடியும். மேலே முழுப் பலகைக்குப் பதில் இரண்டு பட்டை போதும். பழைய ஜமுக்காளத்தில் வைத்துத் தரையில் இழுத்துப்போகலாம். பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் கால் பொருத்தினால் மட்டம் பார்க்கப் படுத்துத்தான் திருக வேண்டும். அதற்குப் பதிலாக ஏணி போல ஒரு பீடம் செய்து, ரசமட்டம் வைத்து ஆப்பு கொடுத்துச் சரிசெய்துவிட்டு, பெட்டிகளை அதன்மேல் வரிசையாக வையுங்கள். பீடம் முன்பக்கம் 9 இன்ச் உயரமும் 6 இன்ச் உள்தள்ளியும் இருந்தால் வீல்சேரின் கால் தட்டு உள்ளே போகும். கல் தூக்கி வைப்பதற்கும் சுவரில் துளையிடுவதற்கும் ஆள் கூப்பிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, ஆசாரியும் தனியாளாகக் கல் தூக்குவதில்லை.

வேலையில் மூழ்கிப்போவதுதான் நான் அதிகம் பயப்படுவது. எனக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியன், இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், டிராயர் வரிசை முழுவதையும் தானே பொருத்தினார். வேலை அருமை. ஆனால் காலையிலிருந்து மாலை வரை அசையாமல் உட்கார்ந்ததில் புட்டத்தில் அழுத்தப்புண் வந்து, அது ஆறும்வரை குப்புறப் படுத்திருந்தார். அரைமணிக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்து, கைகளை ஊன்றி எழும்பியோ பக்கவாட்டில் சாய்ந்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்கும் நேரத்தை "இந்த ஸ்க்ரூவோட முடிச்சிடறேன்" என்று தள்ளிப்போடக் கூடாது. காயம் நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் அதற்குக் கீழே உடல் சரியாக வியர்க்காது. மே மாதத்தில் ஃபேன் இல்லாத அறையில் உடல் சூடேறி மயக்கம் வரும். தரையில் விழுந்த திருகுகளை, குச்சியில் கட்டிய காந்தத்தால் அவ்வப்போது பொறுக்குங்கள். காற்று குஷனில் ஒன்று குத்தினால் நாளெல்லாம் கட்டையில் உட்கார்ந்திருப்பீர்கள், உணரவும் மாட்டீர்கள். இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு வீல்சேர் அளவுகள் தேவைப்படாமல் இருக்கலாம். அவர்களுக்குக் கிளாம்புதான் இரண்டாவது கை. கடையிலேயே துளைகளையும் போட்டு வாங்கிவிட்டால் ஒரு கையால் பெட்டி கூட்ட முடியும். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கத்துப் பார்வையோ கவனமோ குறைந்திருந்தால், அல்லது வலிப்பு வந்திருந்தால், மின்கருவி எதையும் தொடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். இடது பக்கத் தட்டில் இருக்கும் இட்லியைப் பார்க்காமல் விடுகிறவர் இடது பக்கம் இருக்கும் தன் விரலையும் பார்க்காமல் விடக்கூடும். தசைநார்ச் சிதைவு போல வருஷத்துக்கு வருஷம் மாறும் நோய்களுக்குக் கல் மேடையே போட வேண்டாம். பிளைவுட் மேற்பலகையைச் சுவரில் எல் பிராக்கெட்டில் தாங்கவிட்டால், பின்னாளில் இறக்கிக்கொள்ளலாம்.

வாடகை வீடு என்றால் கல்லை உடைக்க ஓனர் விடமாட்டார். மேடையை அப்படியே விட்டுவிட்டு, எதிர்ச்சுவர் ஓரமாக ஒரு தனி மேசை, அதன் இரு பக்கமும் டிராயர் பெட்டி. வீடு மாறும்போது கூடவே வரும். சொந்த வீடானாலும் நான் முதலில் செய்யச் சொல்வது இந்த நறுக்கும் மேசையை மட்டும்தான். இருக்கிற ஏதாவது ஒரு மேசையின் காலுக்குச் செங்கல்லும் அட்டையும் கொடுத்து உயரத்தை மாற்றி மாற்றிச் சில நாள் காய் நறுக்கிப் பாருங்கள். தோள் வலிக்காத உயரம் கிடைத்ததும் அதே அளவில் மேசை செய்யுங்கள். அதில் சில வாரம் சமைத்த பிறகு மற்ற பெட்டிகளுக்கு அளவுப் பட்டியல் எழுதிக் கடைக்குக் கொண்டுபோகலாம்.