வயதுத் தரமா, வயதுக் குறிப்பா?

மார்த்தாண்டத்தில் ஒரு பழைய புத்தகக் கடை. கட்டுக் கட்டாகக் காமிக்ஸ். ஒரு அம்மா ஒன்றை உருவி எடுத்துக் கேட்கிறார்: "அண்ணே, இது கொச்சுப் பிள்ளியளுக்கு உள்ளதா?" கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்மப் படந்தானே மக்ளே, கொண்டு போ." அட்டையில் ஒரு கௌபாய் தூக்குக் கயிற்றடியில் நிற்கிறான்.

எந்த வயதினருக்கு ஏற்றது என்று அந்த அம்மா கேட்டதற்குத்தான் 'ஏஜ் ரேட்டிங்' என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பாதிக் குழப்பம் 'காமிக்ஸ்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. கிரேக்கத்தில் 'கோமோஸ்' என்றால் களியாட்டம். அதிலிருந்து நகைச்சுவைக்கான சொல் பிறந்தது. அமெரிக்கச் செய்தித்தாள்களின் சிரிப்புப் படங்களுக்கு அது பெயரானது. அப்புறம் கொலையும் பேயும் கட்டத்துக்குள் வந்தன, பெயர் மட்டும் மாறவில்லை. நம் சித்திரக்கதை, படக்கதை, வரைகதை எதிலும் சிரிப்பும் இல்லை, சிறுவரும் இல்லை. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டினால் மலையாளத்திலும் சித்ரகதைதான்.

'ரேட்' லத்தீன் வழி வந்தது. கணக்கிட்ட அளவு என்பது மூலப்பொருள். 'ஏஜ் ரேட்டிங்'கை 'வயதுத் தரம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தரம் என்றால் எங்கள் ஊரில் ரப்பர் ஷீட்டுக்கு கிரேடு பார்ப்பது. 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான கதை நாலாம் கிரேடு கதை அல்லவே!

'தணிக்கை'யும் பொருந்தாது. அது 'தணி'யில் பிறந்த சொல் போலத் தோன்றும். உண்மையில் உருது 'தன்கீஹ்' வழி வந்தது, சோதித்துப் பார்ப்பது என்று பொருள். 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாங்களே விதி வகுத்து அட்டையில் முத்திரை குத்தியது இந்த வகை. எல்லா வயதுக்கும் ஒரே அளவுகோல். 2001இல் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் அதிலிருந்து விலகித் தனி வயதுக் குறிப்புகளுக்குப் போனது. 2011இல் அந்த முத்திரையே ஓய்ந்தது.

குமரி தமிழ்நாட்டோடு இணைந்த 1956இல், இளையோருக்குத் தீங்கான வெளியீடுகள் பற்றி இந்தியாவும் ஒரு சட்டம் போட்டது. குற்றம், வன்முறை, கொடூரம் இவற்றையே பெரிதும் காட்டும் கதைகள், முழுக்கப் படமாக இருந்தாலும், அதில் அடங்கும். அதன்படி 'இளையோர்' என்றால் 20 வயதுக்குக் கீழே. அஞ்சு வயதுக் குழந்தையும் கல்லூரிப் பையனும் ஒரே பெஞ்சில்! சினிமாவுக்காவது 2023இல், பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்னும் யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று பிரித்தார்கள்.

சரி, என்ன சொல்வது? பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் உண்டு, ஆகவே 'பருவக் குறிப்பு' அழகுதான். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் அதைக் கேட்டால் குடையைத் தேடுவார்கள். 'வயதுக் குறி' என்று சுருக்கினால் பத்தாம் வகுப்புப் பையன்கள் சிரிப்பார்கள். 'வயதுக் குறிப்பு' போதும். விற்பதைத் தடுக்க வேண்டாம், வாங்குபவருக்குச் சொன்னால் சரி. மார்த்தாண்டத்துப் புத்தகத்தின் பின்னட்டையில் இப்படிப் போட்டிருக்கலாம்: "வயதுக் குறிப்பு: 13க்கு மேல். துப்பாக்கிச் சண்டை உண்டு. ஒருவனைத் தூக்கிலிடும் காட்சி உண்டு."