ஆயுதம் ஏந்த மறுக்கும் உரிமை: கட்டாய ராணுவ சேவையில் மனசாட்சி மறுப்பு

கட்டாய ராணுவ சேவை உள்ள நாடுகளில், அழைப்பாணை கைக்கு வந்த இளைஞருக்கு அதை ஏற்பது அல்லது தலைமறைவாவது என்ற இரண்டு வழிகள்தான் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மனிதரைக் கொல்வதைத் தம் மனசாட்சி ஏற்கவில்லை என்றும், ஆயுதம் ஏந்தாத வேறு பணியைத் தாம் செய்ய ஆயத்தம் என்றும் அரசிடமே வெளிப்படையாக விண்ணப்பிப்பதுதான் அது. இதற்கு மனசாட்சி மறுப்பு என்று பெயர். படையிலிருந்து தப்பி ஓடுபவரோடு இவரைச் சேர்த்துப் பேசுவது தவறு. இவர் தம் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு அரசின் விடைக்காகக் காத்திருப்பவர்.

இந்த உரிமைக்கு அடிப்படை, 1966இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று 1976இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 18ஆவது பிரிவு. சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரங்களைக் காக்கும் அந்தப் பிரிவில் ராணுவ சேவையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனாலும், உயிரைப் பறித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மனசாட்சிச் சுதந்திரத்தோடு கடுமையாக மோதக்கூடும் என்பதால் மறுக்கும் உரிமையும் அதிலிருந்தே பிறக்கிறது என்று, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு 1993இல் தன் 22ஆம் பொது விளக்கத்தில் கூறியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வும் 2011இல் ஆர்மேனியாவுக்கு எதிரான ஒரு வழக்கில் இதே நிலைப்பாட்டுக்கு வந்து, தன் பழைய போக்கை மாற்றிக்கொண்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்டின் இருப்பையே அச்சுறுத்தும் நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாத உரிமைகளின் பட்டியலில் 18ஆவது பிரிவையும் உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு சேர்த்திருக்கிறது. போர் மூண்டபின்தான் இந்த உரிமை ஒருவருக்கு மிகவும் தேவைப்படும் என்பதால், அப்போது அதைப் பறிப்பதை ஏற்க முடியாது.

விண்ணப்பிப்பவர் மதநம்பிக்கை உள்ளவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965இல் இந்த வரையறையைத் தளர்த்தி, 1970இல் அறநெறி சார்ந்த நம்பிக்கையே போதும் என்ற இடத்துக்கு வந்தது. ஆனால் அதே நீதிமன்றம் 1971இல், வியட்நாம் போரை மட்டும் எதிர்ப்பவருக்கு விலக்கு இல்லை, எல்லாப் போரையும் எதிர்ப்பவருக்கே உண்டு என்று தீர்த்தது. எனக்கு இது நெருடலாகவே இருக்கிறது. இந்தப் போர் நியாயமானதா என்று எடைபோட்டு மறுப்பவரின் மனசாட்சியும் மனசாட்சிதானே. இருந்தாலும், பல நாடுகளில் சட்டம் இன்றும் இந்த எல்லையிலேயே நிற்பதால், விண்ணப்பம் எழுதுபவர் இதை அறிந்துதான் எழுத வேண்டும்.

நடைமுறையில் எல்லாமே விசாரணையில்தான் முடிவாகிறது. 1916இல் பிரிட்டன் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் கொண்டுவந்தபோது, மனசாட்சி காரணமாக விலக்குக் கேட்கவும் அதில் இடம் வைத்தது. ஆனால் விண்ணப்பங்களைக் கேட்ட உள்ளூர்த் தீர்ப்பாயங்களில் ராணுவத்தின் பிரதிநிதியும் உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்தார். எதிரிப் படைவீரன் உன் சகோதரியைத் தாக்கினால் என்ன செய்வாய் என்பது அங்கே இளைஞர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி. தடுப்பேன் என்றால், சண்டையிடத் தெரிந்தவனுக்கு விலக்கு எதற்கு என்பார்கள். தடுக்க மாட்டேன் என்றால், பொய் சொல்கிறான் என்பார்கள். கண்முன் நடக்கும் தாக்குதலைத் தடுப்பதும், முன்பின் அறியாத மனிதரைக் கட்டளைப்படி திட்டமிட்டுக் கொல்வதும் வேறு வேறு என்று, எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் சில நிமிடங்களில் விளக்க அந்த வயதில் எத்தனை பேரால் முடியும்? அந்த ஆண்டில் கட்டாயமாகப் படையோடு பிரான்சுக்கு அனுப்பப்பட்டு அங்கும் கட்டளைக்குப் பணிய மறுத்தவர்களில் 30க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு பத்தாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

இந்த அனுபவங்களின் பின்னணியில்தான் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் 1998ஆம் ஆண்டின் 77ஆம் தீர்மானத்தைப் படிக்க வேண்டும். மறுப்பு உண்மையானதா என்பதைச் சார்பற்ற, நடுநிலையான அமைப்பே முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது. விசாரணையே இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்கும் நாடுகளையும் பாராட்டுகிறது. எனவே விண்ணப்பதாரர் தம் கருத்து சரி என்று நிறுவ வேண்டியதில்லை. அது தமக்கு உண்மையானது என்று காட்டினால் போதும். இந்த எண்ணம் எப்போது, எப்படி உருவானது, அன்றாட வாழ்வில் அது எங்கே தெரிகிறது என்பதைத் தம் சொந்தச் சொற்களில், நடந்த நிகழ்ச்சிகளோடு எழுதுவதே உதவும்.

என் பிள்ளை எல்லையில் நிற்கும்போது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் விலக்கு என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கான விடைதான் மாற்றுப் பணி: மருத்துவமனை, முதியோர் இல்லம், பேரிடர் மீட்பு போன்ற பொதுநலப் பணிகளில் ஆயுதமின்றி உழைப்பது. ஆனால் அந்தப் பணியையே தண்டனையாக்கிவிடக் கூடாது. மாற்றுப் பணி ராணுவ சேவையைவிட நீளமாக இருக்கக் கூடாது என்று ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டம் 12ஏ பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. பிரான்சில் ராணுவ சேவை 12 மாதமும் மாற்றுப் பணி 24 மாதமுமாக இருந்ததை, 1999இல் மனித உரிமைக் குழு பாகுபாடு என்றது. தென்கொரியாவிலோ பல பத்தாண்டுகளாக மறுப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனபின், 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மாற்றுப் பணிக்கு வழிசெய்யச் சொன்னது; 2020இல் அது தொடங்கியபோது, தரைப்படைச் சேவை 18 மாதமாக இருக்க, இவர்களுக்கு 36 மாதம் சிறை வளாகங்களிலேயே தங்கிப் பணிபுரிய வேண்டும் என்று வகுக்கப்பட்டது. சிறைத் தண்டனை நீங்கியது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இருமடங்குக் காலத்தை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

மாற்றுப் பணிக்கே இடமில்லாத இடங்களில் நிலைமை இன்னும் மோசம். தண்டனை முடிந்து வெளியே வந்தவருக்கு மறுபடியும் அழைப்பாணை, மறுபடியும் மறுப்பு, மறுபடியும் சிறை என்று அது முடிவில்லாமல் நீள்கிறது. துருக்கியில் இப்படித் தொடர்ந்து தண்டிக்கப்பட்டு ஒளிந்து வாழ நேர்ந்த ஒருவரின் நிலையை, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் இழிவுபடுத்தும் நடத்துமுறை என்று கூறி, அதைக் குடிமை வாழ்வின் மரணத்துக்கு ஒப்பிட்டது.

ஏற்கெனவே படையில் இருப்பவருக்கும் பணிக்காலத்தில் இத்தகைய மனமாற்றம் வரலாம் என்பதை 1998ஆம் ஆண்டுத் தீர்மானமும் ஒப்புக்கொள்கிறது. அமெரிக்க ராணுவத்தில் அப்படிப்பட்டவர் விடுவிப்போ ஆயுதமற்ற பணியோ கேட்டு விண்ணப்பிக்கலாம். வெளிப்படையாகச் சட்டத்துக்குப் புறம்பான கட்டளைக்குப் பணிய மறுப்பது இதிலிருந்து வேறுபட்டது. பொதுமக்களைச் சுடச் சொல்லும் கட்டளையை மறுக்க மனசாட்சி மறுப்பாளராகப் பதிவு செய்திருக்கத் தேவையில்லை. அதை மறுப்பது ஒவ்வொரு படைவீரரின் கடமை.

விண்ணப்பம் தள்ளுபடியானால் முதலில் உள்நாட்டு மேல்முறையீடுகளை முழுவதுமாகப் பயன்படுத்த வேண்டும். அவையும் பலிக்காதபோது, தனிநபர் முறையீட்டுக்கு வழிசெய்யும் துணை ஒப்பந்தமான, உடன்படிக்கையின் முதல் விருப்ப நெறிமுறையை அந்த நாடு ஏற்றிருந்தால், பாதிக்கப்பட்டவர் மனித உரிமைக் குழுவுக்குத் தாமே எழுத்து மூலம் முறையிடலாம். அப்போது விண்ணப்பத்தின் நகலும் தள்ளுபடி ஆணையும் விசாரணையில் கேட்கப்பட்ட கேள்விகளின் குறிப்பும் தேவைப்படும் என்பதால், அவற்றை முதல் நாளிலிருந்தே தேதியிட்டுச் சேர்த்துவைக்க வேண்டும்.