நாயகனைக் கொன்றால் தொடர் பிழைக்குமா?

2016 அக்டோபர் 23 அன்று அமெரிக்காவின் ஏஎம்சி சேனலில் 'தி வாக்கிங் டெட்' தொடரின் ஏழாவது சீசன் தொடங்கியது. முதல் சீசனிலிருந்தே கூட வந்த கிளென் என்ற பாத்திரம் அன்று அடித்துக் கொல்லப்பட்டது. பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பேர். அந்தத் தொடரின் வரலாற்றிலேயே இரண்டாவது பெரிய எண்ணிக்கை அது. அடுத்த வாரம் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சமாக இறங்கியது. சீசனின் முதல் எபிசோடுக்கு எப்போதுமே கூட்டம் அதிகம், எனவே முழுப் பழியையும் அந்த ஒரு சாவின் மேல் போட முடியாது. ஆனால் ஓராண்டு கழித்து எட்டாவது சீசனின் முதல் எபிசோடுக்கும் 1 கோடியே 14 லட்சம் பேர்தான் வந்தார்கள். அந்தப் பெரிய கூட்டம் திரும்பவே இல்லை.

முக்கியப் பாத்திரத்தைச் சாகடிப்பது சரியா தவறா என்று ரசிகர்கள் சண்டை போடுவது வழக்கம். அதை ரசனைச் சண்டையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சாவு எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் உடைகிறது என்பதில் அளந்து பார்க்கக்கூடிய பகுதி நிறைய உண்டு.

முதலில் வலி. நடக்காத ஒரு சாவுக்கு ஏன் தொண்டை அடைக்கிறது? 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கான அடிப்படை விளக்கத்தைத் தந்தார்கள். திரையில் தெரிபவரோடு பார்வையாளருக்கு உருவாவது ஒருதலை உறவு. அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் அவர் முகத்தை அருகில் பார்க்கிறோம், குரலைக் கேட்கிறோம், தனியறையில் அழுவதையும் பார்க்கிறோம். மனிதர்களை அறிந்துகொள்ள மூளைக்குத் தனித்தனியாக இரண்டு கருவிகள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரை எடைபோடும் அதே ஏற்பாடுதான் திரைப் பாத்திரத்தையும் எடைபோடுகிறது.

இதில் நேரத்தின் அளவு பெரிது. வாரம் 6 நாள், நாளுக்கு 20 நிமிடம் ஓடும் ஒரு சீரியலை விடாமல் பார்ப்பவர் ஆண்டுக்கு 104 மணி நேரம் அந்தக் குடும்பத்தோடு இருக்கிறார். சொந்தச் சித்தப்பாவோடு ஆண்டுக்கு நூறு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எத்தனை பேர்?

2004இல் ஜோனதன் கோஹன் இஸ்ரேலியப் பார்வையாளர்களிடம், தங்களுக்குப் பிடித்த பாத்திரம் திரையிலிருந்து காணாமல் போனால் எப்படி இருக்கும் என்று கேட்டார். நிஜ உறவுகளில் 'விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ' என்று பதறும் இயல்புள்ளவர்கள்தான் இங்கேயும் அதிக வேதனையை எதிர்பார்த்தார்கள். 2021இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ரசிகர்கள் 19 பேரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கதைமாந்தரோடு ஒன்றிவிடும் பழக்கம் அதிகமுள்ளவர்களுக்கு, தன்னைப் பற்றி நினைக்கும்போதும் பிடித்த பாத்திரத்தைப் பற்றி நினைக்கும்போதும் முன்மூளையின் நடுக் கீழ்ப்பகுதியில் தெரிந்த செயல்பாடு கூடுதலாக ஒத்துப்போனது. 'சும்மா சீரியல்தானே' என்று வீட்டில் யாராவது சமாதானம் சொன்னால் அது எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது அதிர்ச்சி. தகவல் கோட்பாட்டில் ஒரு நிகழ்வின் வியப்பை பிட் கணக்கில் அளப்பார்கள். நடக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உள்ளது நடந்தால் 1 பிட். 64இல் ஒரு வாய்ப்பு உள்ளது நடந்தால் 6 பிட். நாயகன் சாகவே மாட்டான் என்று பார்வையாளருக்கு உறுதியாகத் தெரிந்த தொடரில், அவன் கழுத்தில் கத்தி வைக்கும் காட்சி தரும் தகவல் பூஜ்யம். இசை எவ்வளவு அதிர்ந்தாலும் அங்கே பதற்றம் வராது. ஒரே ஒரு முக்கியச் சாவு இதை மாற்றிவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கத்தியும் நிஜக் கத்தி. கொல்வதற்கு ஆதரவான வாதங்களில் வலுவானது இதுதான்.

ஆனால் அந்த வியப்பு செலவாகிக்கொண்டே போகும். அடுத்தடுத்துக் கொன்றால் சாவின் வாய்ப்பு 64இல் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக மாறும், வியப்பு 6 பிட்டிலிருந்து 2 ஆகும். கூடவே பார்வையாளர் தற்காப்பில் இறங்குவார். புதிதாக யாராவது வந்ததும் 'இவர் எத்தனை வாரமோ' என்று ஒதுங்கி நின்று பார்ப்பார். வலிக்கு மூலதனமே அந்த ஒட்டுதல்தான், அதுவும் போய்விடும்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் ஏழு சீசன்களை நோயாளிகளின் ஆயுள் பதிவு போல வைத்து ஒரு கணக்குப் போட்டு 2018இல் வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்ட 330 பாத்திரங்களில் 186 பேர் இறந்திருந்தார்கள். திரையில் தோன்றிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் சாகும் வாய்ப்பு மட்டுமே சுமார் 14 சதவீதம். இவ்வளவு கொன்றும் அந்தத் தொடர் எப்படித் தாக்குப்பிடித்தது? ஒரு காரணம் வரிசை. தொடருக்கு மூலமான நாவல்களை ஆராய்ந்து 2020இல் வந்த ஆய்வு சொல்வது இது: அத்தியாய வரிசைப்படி பார்த்தால், கடைசி முக்கியச் சாவுக்குப் பின் எத்தனை அத்தியாயம் ஓடியது என்பதை வைத்து அடுத்த சாவைக் கணிக்க முடியாது. அதே சாவுகளைக் கதைக்குள் நடக்கும் நாள்காட்டிப்படி அடுக்கினால் அந்தக் கணிக்க முடியாத தன்மை மறைந்துவிடுகிறது. அதாவது கதை உலகில் இயல்பாக நடப்பதைத்தான், சொல்லும் வரிசையில் கணிக்க முடியாததாக ஆக்கியிருக்கிறார்கள். சீசனின் கடைசி எபிசோடில் மட்டுமே கொல்கிற தொடர்கள் இதற்கு நேர் எதிர். எப்போது மனத்தை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று பார்வையாளரே பழகிவிடுவார்.

வலியையும் அதிர்ச்சியையும் விட, தொடர் பிழைப்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது விஷயம்: செத்தவர் யாரை யாரோடு இணைத்துக்கொண்டிருந்தார்?

ஆண்ட்ரூ பெவரிட்ஜ், ஜீ ஷான் என்ற கணிதவியலாளர்கள் 2016இல் அதே நாவல் வரிசையின் மூன்றாம் புத்தகத்தை வலைப்பின்னலாக வரைந்தார்கள். இரண்டு பெயர்கள் 15 சொற்களுக்குள் அருகருகே வந்தால் ஒரு கோடு. கிடைத்தது 107 பாத்திரங்கள், 353 கோடுகள். பிறகு ஒவ்வொருவரும் எவ்வளவு முக்கியம் என்று பல வழிகளில் அளந்தார்கள். ஒரு வழி, எத்தனை ஜோடிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை இவர் வழியாகப் போகிறது என்று எண்ணுவது. அதில் முதலிடம் ஜான் ஸ்னோவுக்கு. இரண்டாமிடம் மன்னராக இருந்த ராபர்ட் பராத்தியனுக்கு. ராபர்ட் முதல் புத்தகத்திலேயே செத்துவிட்டவர்! உயிரோடு இருப்பவர்கள் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லியே சண்டை போடுகிறார்கள், உரிமை கேட்கிறார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் டெனேரிஸின் கதையையும் இக்கரைக் கதையையும் கோப்பதில்கூட அந்தப் பெயருக்குப் பங்கு உண்டு. நல்ல மரணத்துக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஆள் போன பிறகும் கோடுகள் அறுபடவில்லை.

இந்தச் சோதனையை எந்தத் தொடருக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்யலாம். கடைசி 50 எபிசோடின் சீன் பட்டியலை எடுங்கள். ஒரே சீனில் பேசிக்கொள்ளும் இருவருக்கு இடையே ஒரு கோடு, எத்தனை சீன் என்பதை அதன் மேல் எண்ணாக எழுதுங்கள். 12 முக்கியப் பாத்திரங்கள் இருந்தால் மொத்தம் 66 ஜோடி சாத்தியம், நடைமுறையில் அதில் ஒரு பகுதிதான் நிரம்பும். இப்போது கொல்ல நினைப்பவரின் மேல் விரலை வைத்து மறையுங்கள். மீதிப் படம் ஒரே துண்டாக நிற்கிறதா, இரண்டு மூன்றாக உடைகிறதா? உடைந்தால், அந்தத் துண்டுகளை இணைக்கப் புதிய காரணம் வேண்டும். பங்காளிச் சண்டையோ, பழியோ, உயிலோ, மறைத்து வைத்த குழந்தையோ, எதுவானாலும் சாவுக்கு முன்பே கதையில் விதைத்திருக்க வேண்டும். பின்னால் கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டு தெரியும்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணம் சன் டிவியின் 'எதிர்நீச்சல்'. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று திடீரென்று காலமானார். பாத்திரத்தையும் சேர்த்து முடித்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டின் நான்கு மருமகள்களின் போராட்டமும் அவர் ஒருவரை எதிர்த்துத்தான். தம்பிகள் மூவரும் அவர் நிழலில்தான் நிற்கிறார்கள். அவரை மறைத்துப் பார்த்தால் படத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். 'இவருக்குப் பதில் இவர்' என்ற நம் ஊர் அறிவிப்பைக் கேலி செய்பவர்கள் உண்டு. வலைப்பின்னல் கணக்குப்படி அது பல நேரங்களில் சரியான முடிவு.

நெட்ஃபிளிக்ஸின் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' அந்த வழியில் போகவில்லை. நாயகனாக நடித்த கெவின் ஸ்பேசி மீது பாலியல் புகார்கள் எழுந்து அவர் நீக்கப்பட்டதும், 2018இல் வந்த ஆறாவது சீசனில் ஃபிராங்க் அண்டர்வுட் திரைக்கு வெளியே இறந்ததாகக் காட்டினார்கள். மீதிப் பேர் 8 எபிசோட் முழுக்க அவரைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள், தொடர் முடிந்தது. ஆஸ்பத்திரித் தொடரான 'கிரேஸ் அனாடமி' 2015 ஏப்ரலில் தன் நாயக மருத்துவர் டெரெக் ஷெப்பர்டைக் கொன்றது. ரசிகர்கள் கொதித்தார்கள், தொடர் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. அங்கே எல்லாரையும் இணைப்பது ஆஸ்பத்திரி. ஆண்டுதோறும் புதுப் பயிற்சி மருத்துவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். காவல் நிலையம், பள்ளி, பத்திரிகை அலுவலகம் போன்ற களங்களில் இந்த வசதி உண்டு. கூட்டுக் குடும்பத் தொடரில் இல்லை.

எப்படிக் கொல்வது என்பதிலும் தவறுகள் நடக்கும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் முதல் சீசனின் நாயகன் நெட் ஸ்டார்க்கின் தலை விழுந்தது 2011 ஜூன் 12 அன்று, பத்து எபிசோட் கொண்ட சீசனின் ஒன்பதாவதில். தான் கண்டுபிடித்த ரகசியத்தைத் தர்மம் பார்த்து எதிரியிடமே சொல்லிவிட்டார், அந்த முடிவின் விலை அது. பத்தாவது எபிசோட் முழுவதும் விளைவுகளுக்குக் கிடைத்தது: மகன் படை திரட்டுகிறான், ஒரு மகள் ஓடுகிறாள், இன்னொருத்தி சிறைப்படுகிறாள். 'டவுன்டன் ஆபி' தொடரின் மேத்யூ க்ராலி செத்தது அப்படி அல்ல. நடிகர் டான் ஸ்டீவன்ஸின் மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்தது, அவர் தொடர விரும்பவில்லை. 2012 கிறிஸ்துமஸ் அன்று, குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் கார் ஓட்டிப் போனவர் விபத்தில் இறந்தார். கதைக்குள் யாருடைய முடிவும் அதற்குக் காரணமில்லை. சாவு வெளியிலிருந்து வந்து விழுந்தால் பார்வையாளர் கோபம் கதைக்குள் போக வழியின்றி எழுதியவர் மேல் திரும்பும். பண்டிகை நாளில் கொன்றதற்கான கோபம் தனி.

கிளென் விஷயத்தில் பிழை, காட்சியை வெட்டி நிறுத்திய இடத்தில். முந்தைய சீசனின் கடைசிக் காட்சி 2016 ஏப்ரல் 3 அன்று, அடி யார் மேல் விழுகிறது என்று காட்டாமல் முடிந்தது. ஆறரை மாதம் துக்கம் ஒரு புதிராக ஓடியது. இழப்பை உணர வேண்டிய நேரத்தில் ரசிகர்கள் கேமரா கோணத்தை ஆராய்ந்தார்கள். அதற்கும் முன்னால், 2015இல், கிளென் செத்துவிட்டதாக நம்பவைத்து, தொடக்கப் பெயர் வரிசையிலிருந்து நடிகர் பெயரைக்கூட நீக்கி, சில வாரத்தில் உயிரோடு கொண்டுவந்திருந்தார்கள். ஒருமுறை ஏமாற்றியபின் நிஜச் சாவை நம்பவைக்க இரண்டு மடங்கு கொடூரம் தேவைப்பட்டது, பலர் அதைத் தாங்கவில்லை.

சுத்தமாகச் செய்த பழைய உதாரணம், கொரியப் போர்க்கால ராணுவ ஆஸ்பத்திரியைப் பற்றிய அமெரிக்கத் தொடர் 'மேஷ்'. 1975 மார்ச் 18 அன்று அதன் தலைமை அதிகாரி ஹென்றி பிளேக் ஊர் திரும்பும் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஸ்கிரிப்டின் கடைசிப் பக்கத்தைப் பெரும்பாலான நடிகர்களுக்கு அந்தக் காட்சியை எடுக்கும் நேரம்வரை தரவில்லை. சாவையே காட்டவில்லை. அறுவை அரங்கில் ஒருவர் செய்தியை வாசிக்கிறார், மற்றவர்கள் கையை நிறுத்தாமல் வேலையைத் தொடர்கிறார்கள். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தாலும் தொடர் 1983வரை ஓடியது.

தினசரி சீரியல்களில் சாவு ஏன் ஜவ்வாக இழுக்கிறது என்பதற்கு அளக்கும் முறையே ஒரு காரணம். டிஆர்பி வாரச் சராசரியாகத்தான் பேசப்படுகிறது. ஐந்து நாள் 8 புள்ளியும் சாவு நாளில் மட்டும் 14 புள்ளியும் வந்தால் ஆறு நாள் சராசரி 9தான். அதனால் திங்கட்கிழமை ஆம்புலன்ஸ், செவ்வாய் ஐசியு வாசல், சனிக்கிழமைதான் மாலை போட்ட போட்டோ. அடுத்த வாரத்துக்கு விளைவுக் காட்சிகள் தயாராக இல்லையென்றால் அந்தச் சராசரி வந்த வேகத்தில் இறங்கும்.

கைவிட வேண்டிய வழி, செத்தவரைத் திரும்பக் கொண்டுவருவது. ஸ்டார் பிளஸின் 'கியூன்கி சாஸ் பீ கபி பஹூ தீ' 2001இல் நாயகன் மிஹிரைக் கொன்றது. எதிர்ப்பு பெருகியது, மிஹிர் நினைவிழந்தவராகத் திரும்பினார். நாயகன் சாகமாட்டான் என்ற உறுதி பார்வையாளருக்கு மறுபடி வந்துவிட்டது, கத்திகள் மறுபடி அட்டைக் கத்திகள் ஆயின. அமெரிக்காவின் 'டல்லாஸ்' இதைவிடப் பெரிய விலை கொடுத்தது. 1985 மேயில் பாபி யூயிங்கைக் கொன்றார்கள். பார்வையாளர்கள் குறைந்தார்கள். 1986 மேயில் அவர் குளியலறையில் நின்றுகொண்டிருந்தார். இடைப்பட்ட 31 எபிசோடும் அவர் முன்னாள் மனைவி பாம் கண்ட கனவு என்று விளக்கினார்கள். அந்த ஓராண்டில் நடந்த கல்யாணம், சண்டை, திருந்தல் எல்லாம் ஒரே வீச்சில் அழிந்தன. பாபியின் அண்ணன் கேரியை வைத்து ஓடிக்கொண்டிருந்த கிளைத் தொடரான 'நாட்ஸ் லேண்டிங்'கிலும் அந்தச் சாவுக்கு அழுது முடித்திருந்தார்கள். அங்கே கனவு என்று சொல்ல வழியில்லை. இரண்டு தொடர்களின் கதைகளும் அதன் பிறகு தனித்தனி வழியில் போயின. ஒன்றில் பாபி உயிரோடு எண்ணெய்த் தொழில் பார்த்தார், மற்றதில் இறந்தவராகவே இருந்தார்.