கண்ணுக்கு எட்டும் வரைதான் ஒப்பந்தம்

1791 நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடிக்க ஆங்கிலேயப் படை வந்தது. மேக்ஸ்வெல் தலைமையில் வந்தவர்கள் அடிவாரப் பேட்டையைப் பிடித்தார்கள். மலைமேல் இருந்த கோட்டையை மட்டும் தொட முடியாமல் திரும்பினார்கள். நான்கு மாதம் கழித்து, 1792 மார்ச் 18 அன்று கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அதே கோட்டை அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கோட்டை மட்டுமல்ல, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அடங்கிய பாராமகால் முழுவதையும் மைசூரின் திப்பு சுல்தான் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஓசூர் பக்கம் மட்டும் இன்னும் ஏழு ஆண்டு மைசூரோடு இருந்தது.

இந்த வறண்ட மேட்டுநிலத்தின் மேல் கம்பெனிக்கு அவ்வளவு ஆசை வரக் காரணம் விளைச்சல் இல்லை, கணவாய்கள். 1780இல் ஹைதர் அலியின் படை செங்கம் கணவாய் வழியாக இறங்கித்தான் ஆற்காட்டுச் சீமையைச் சூறையாடியது. ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரியும் கையில் இருந்தால் சென்னை நிம்மதியாகத் தூங்கலாம் என்பது கம்பெனியின் கணக்கு. ஆனால் மைசூரிலிருந்து பார்த்தால், எதிரி மலையேறி வாசல்வரை வந்துவிட்டான். ஒருவர் தன் காவலுக்கென்று செய்வது அடுத்தவருக்கு மிரட்டலாகத் தெரியும். அவர் பதிலுக்குப் படை சேர்ப்பார். அதைப் பார்த்து முதலாமவர் இன்னும் சேர்ப்பார். இரண்டு பக்கமும் போரை விரும்பாமலேயே போருக்குப் போய்ச் சேரக்கூடிய இந்த நிலையைச் சர்வதேச உறவுகள் துறையில் ‘பாதுகாப்பு இக்கட்டு’ என்கிறார்கள். ராஜதந்திரத்தின் வேலையில் பெரும்பங்கு இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுப்பதுதான்.

அறுப்பது எப்படி? பேசி ஒரு வாக்குறுதி வாங்கலாம். அந்த வாக்குறுதியை எதிராளி காப்பாற்றுகிறாரா என்று தெரிந்துகொள்ள வழி வேண்டுமே. 1792இல் வழி இல்லை. திப்பு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், பாதி உடனே, மீதி தவணையில். அதற்கும் மற்ற நிபந்தனைகளுக்கும் ஈடாக அவருடைய இரண்டு மகன்களைக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பணயமாக வாங்கிக்கொண்டார். மூத்தவனுக்குப் பத்து வயது இருக்கும், இளையவனுக்கு எட்டு. சென்னைக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தப் பிள்ளைகள் 1794இல்தான் தகப்பனிடம் திரும்பினார்கள். எதிராளி கோட்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத காலத்தில் ஒப்பந்தங்கள் இப்படித்தான் நின்றன. பணம் வந்து சேர்ந்தது. சந்தேகம் தீரவில்லை. 1799இல் மீண்டும் போர் வந்தது. திப்பு அதில் மாண்டார்.

பணயப் பிள்ளையின் இடத்தை இன்று கருவிகள் பிடித்திருக்கின்றன. அந்த மாற்றம் தெளிவாகத் தெரிவது அணுவெடிச் சோதனைத் தடையில். அந்தக் கதையிலும் இந்த மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு.

ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1962 செப்டம்பரில், தமது 83ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போனார். அதிபர் கென்னடியை நேரில் பார்த்து, அணுவெடிச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று வாதாடினார். அந்த ஆண்டு வல்லரசுகள் வானில் அடுத்தடுத்து குண்டு வெடித்துக்கொண்டிருந்தன. வெடிப்பில் பிறந்த ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் காற்றோடு பறந்து, புல்லில் படிந்து, பசும்பால் வழியாகக் குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்தது. சில வாரங்களில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து உலகையே உலுக்கியது. அடுத்த ஆண்டு, 1963 ஆகஸ்ட் 5 அன்று, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ராஜாஜியின் பேச்சால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு முதியவர் அந்தத் தள்ளாத வயதில் கடல் கடந்து போய்க் கேட்டார் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த ஒப்பந்தம் வானிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனையைத் தடுத்தது. நிலத்தடியை விட்டுவிட்டது. மற்ற மூன்று இடங்களிலும் வெடித்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். நிலத்தடியில் வெடித்தால், அது குண்டா நிலநடுக்கமா என்று உறுதியாகச் சொல்ல அன்றைய அறிவியலால் முடியவில்லை. சந்தேகம் வந்தால் நேரில் வந்து பார்ப்போம் என்றது அமெரிக்கா. ஆண்டுக்கு ஏழு முறையாவது வேண்டும் என்று கேட்டது. மூன்றுக்கு மேல் கிடையாது என்றது சோவியத். பேரம் அங்கேயே முறிந்தது. மனிதர்கள் போட்ட கோடுதான், ஆனால் எங்கே போடுவது என்று முடிவு செய்தது அன்றைய கருவிகளின் எல்லை.

குண்டையும் நிலநடுக்கத்தையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்? பர்கூர், ஜெகதேவி பக்கம் குவாரிக்கு அருகில் வீடு உள்ளவர்களுக்கு இதில் பாதி தெரியும். வெடி போட்டதும் காலுக்கடியில் ‘திம்’ என்று ஒரே உதை. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒருமுறை அதிர்ந்து அடங்கிவிடும். நிலநடுக்கம் அப்படி இல்லை, பக்கவாட்டில் ஆட்டும், நீண்டுகொண்டே போகும். வெடி என்பது எல்லாத் திசையிலும் வெளிநோக்கித் தள்ளுவது. ஆகவே எந்தத் திசையில் உள்ள கருவியிலும் முதல் அசைவு தள்ளலாகவே பதியும். நிலநடுக்கத்தில் பாறையின் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று உரசி வழுக்குகின்றன. சில கருவிகளில் முதல் அசைவு தள்ளலாகவும், வேறு சிலவற்றில் இழுப்பாகவும் பதியும். முதலில் வந்துசேரும் அமுக்க அலை இரண்டிலும் உண்டு. பின்னால் வரும் குறுக்கலையும், தரையோடு தவழும் மேற்பரப்பு அலையும் நிலநடுக்கத்தில் பலமாக இருக்கும், வெடியில் மெலிந்திருக்கும். ஆழமும் காட்டிக்கொடுக்கும். பத்து, இருபது கிலோமீட்டர் ஆழத்தில் எந்த நாடும் குண்டு புதைக்க முடியாது.

இதைக் கேட்க நல்ல இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965 முதல் நில அதிர்வுக் கருவிகளின் வரிசை ஒன்று இயங்குகிறது. பிரிட்டனின் அணுசக்தித் துறையோடு சேர்ந்து நம் அணுசக்தித் துறை அமைத்தது. இருபது கருவிகள் ஆங்கில ‘எல்’ வடிவில் பரவி நிற்கின்றன. அலை ஒவ்வொன்றையும் சற்று முன்பின்னாகத் தொடும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து அலை வந்த திசையைக் கணக்கிடலாம். எல்லாப் பதிவுகளையும் சீராக்கிக் கூட்டினால் காற்று, வண்டி எழுப்பும் சலசலப்பு அடங்கிக் குறிகை மேலே எழும். கிருஷ்ணகிரியில் நாம் வெட்டியெடுக்கும் கல்லைப் போலவே அதன் அடியில் இருப்பதும் தக்காணத்தின் மிகப் பழைய கெட்டிப் பாறை. நொறுங்காத இந்தப் பாறையில் அலை அதிகம் தேயாமல் வெகுதூரம் போகும்.

கருவி முன்னேறியதும் ஒப்பந்தமும் முன்னேறியது. நிலத்தடிச் சோதனையை 150 கிலோடன்னுக்குள் (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம்) நிறுத்த அமெரிக்காவும் சோவியத்தும் 1974இல் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வந்ததோ 1990இல். நடுவில் நடந்தது இதுதான்: 1988இல் அமெரிக்க அறிவியலாளர்கள் சோவியத்தின் சோதனைத் தளமான செமிபலாட்டின்ஸ்குக்கும் சோவியத் அறிவியலாளர்கள் அமெரிக்காவின் சோதனைத் தளமான நெவாடாவுக்கும் கருவிகளோடு போய், ஒருவர் குண்டை மற்றவர் அளந்து பார்த்தார்கள். பகை தீராதபோதே இது நடந்தது.

1996இல் எல்லாச் சோதனைகளையும் தடுக்கும் முழுமையான ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. அதற்கென்று 337 கண்காணிப்பு நிலையங்களும் ஆய்வகங்களும் திட்டமிடப்பட்டன. 2006 அக்டோபரில் வட கொரியா மலைக்குள் வெடித்த சிறிய குண்டை நில அலை உடனே காட்டியது. இரண்டு வாரம் கழித்துக் கனடாவின் யெல்லோநைஃபில் அணுவெடிப்பில் பிறக்கும் செனான்-133 வாயு சிக்கியது. எதோடும் சேராத அந்த வாயு பாறை விரிசல் வழியாகக் கசிந்து, காற்றோடு பசிபிக்கைத் தாண்டியிருந்தது.

குறைகளும் உண்டு. 1998 மே 13 அன்று பொக்ரானில் இந்தியா வெடித்த, ஒரு கிலோடன்னுக்கும் குறைவான இரண்டு குண்டுகளை வெளிநாட்டு நிலையங்கள் பதியவே இல்லை. 1996 ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டும், தம் நாட்டுச் சட்டப்படி இன்னும் உறுதி செய்யவில்லை. ரஷ்யா 2023இல் தன் உறுதியைத் திரும்பப் பெற்றது. இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்தே இடவில்லை. ஒப்பந்தம் சட்டமாகாமல் நிற்க, அதன் கருவிகள் மட்டும் இராப்பகலாக வேலை செய்கின்றன.

கருவியே தேவைப்படாத உடன்பாடும் ஒன்று உண்டு. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்புக்கொண்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அணு உலையைத் தாக்கிவிட்டு யாராலும் மறைக்க முடியாது. மீறல் அந்த நொடியே வெளியில் தெரியும். சரிபார்ப்பு அந்த வாக்குறுதிக்குள்ளேயே இருக்கிறது.

முழுத்தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடுவது பெரிய அரசியல் முடிவு. வாதங்கள் இரண்டு பக்கமும் உண்டு. கௌரிபிதனூரின் பதிவுகளை உலகக் கண்காணிப்போடு பகிர்ந்துகொள்வதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். நம் பக்கத்து நாடுகளில் நடப்பதை நாமும் சேர்ந்து கேட்டுச் சொன்னால், அடுத்த பேச்சுவார்த்தையில் நம் தூதர்கள் சந்தேகத்தை விட்டு அளவுகளை வைத்துப் பேசலாம்.