ஃபியூல் பம்ப் = எரிபொருள் எக்கி

கோலாலம்பூரில் பட்டறைப் பக்கம் போனால் இந்தச் சாமானுக்கு இரண்டு மூன்று பெயர் காதில் விழும். மலாய்க்காரர் 'பம் மின்யாக்' என்பார், காடி ரிப்பேர் பண்ணும் ஃபோர்மேன் 'ஃபியூல் பம்ப்' என்பார், நம் ஆளாக இருந்தால் "எண்ணெய் பம்பு போச்சுண்ணே, காடி நகராது" என்பார். டாங்கியில் இருக்கும் எண்ணெயை இஞ்சினுக்கு அனுப்பும் இந்தச் சாமான் தமிழில் எரிபொருள் எக்கி.

பம்ப் ஆங்கிலம். மலாய் அதை 'பம்' என்று சுருக்கிக்கொண்டது, இந்தோனேசியர் டச்சுக்காரரிடம் வாங்கி 'போம்பா' என்கிறார்கள். பெட்ரோலின் வேர் இடைக்கால இலத்தீனில்: பெட்ரா பாறை, ஓலியம் எண்ணெய். அதை வைத்துத்தான் கல்லையும் நெய்யையும் சேர்த்துக் 'கன்னெய்' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் செந்தூலில் எண்ணெய் ஸ்டேஷனில் போய்ச் சொல்லிப் பாருங்கள்! டீசல் காடிக்கும் இந்தப் பம்பு உண்டு என்பதால் 'எரிபொருள்' என்பதே வசதி.

எக்கி என்பது எக்கு என்ற வினையிலிருந்து வந்தது. வயிற்றை எக்குகிறோம், அலமாரி மேலே இருக்கும் டின்னை எக்கி எடுக்கிறோம். உள்ளே இழுப்பதும் மேலே உந்துவதும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன, அதனால்தான் எனக்கு இது பிடிக்கும். 'விசையியக்கக் குழாய்' என்றும் எழுதுகிறார்கள். பம்பு குழாயே இல்லை, விடுங்கள்.

இழுப்பது, உந்துவது என்ற இந்த இரண்டு பொருளும் காடியிலும் நடந்திருக்கின்றன. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் பழைய கருவி வைத்தது. பம்பு முன்னால் இஞ்சினில் இருக்கும், இஞ்சினோடு சுற்றும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு தள்ளத் தள்ள பம்புக்குள் இருக்கும் சவ்வு ஏறி இறங்கி, பின்னால் இருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுக்கும். நம் ஊர் வெயிலில் ஜாமில் நின்றால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பு வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்க, காடி படுத்துவிடும். கார்புரேட்டருக்கு அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அழுத்தம்கூடத் தேவையில்லை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் இஞ்சினுக்கோ பொதுவாக 3 பார் வேண்டும். அதனால் மின்மோட்டார் வைத்த பம்பு டாங்கிக்குள்ளேயே இறங்கியது, இழுப்பதை விட்டுத் தள்ளத் தொடங்கியது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லேசில் ஆவியாகாது.

பெட்ரோலுக்குள் மின்சாரமா, பற்றிக்கொள்ளாதா? எல்லாரும் கேட்பது இது. மோட்டாருக்குள் பெட்ரோல்தான் நிரம்பியிருக்கிறது, எரிவதற்கு வேண்டிய காற்று இல்லை. மட்டம் இறங்கினாலும் மேலே நிற்கும் ஆவி எரிய முடியாத அளவுக்கு அடர்த்தி. அடியில் வலைப்பை அழுக்கைத் தடுக்கும், ஓரமெல்லாம் சின்னச் சின்னத் தகடு வைத்த ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றிப் பெட்ரோலை மேலே அனுப்பும், அது மோட்டாரின் சுருள், பிரஷ் எல்லாவற்றையும் நனைத்துச் சூட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போகும். பெட்ரோல் வெளியேறும் வாயில் ஒருவழி வால்வு, இஞ்சினை நிறுத்தினாலும் குழாயில் அழுத்தம் நிற்பதற்கு.

குளிர்ச்சியே பெட்ரோலால்தான் என்பதால், பெட்ரோல் குறைந்துவிட்டது என்று விளக்கு எரிந்த பிறகும் ஃபெடரல் ஹைவே ஜாமில் ஊர்ந்துகொண்டே போவது பம்புக்கு ஆகாது. கால் டாங்கி எப்போதும் இருக்கட்டும்.

சாவியை ஆன் வரைக்கும் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். 'ங்ஙீ' என்று ஓரிரு விநாடி சத்தம் வந்து நிற்கும். இஞ்சின் சுற்றவில்லை என்று தெரிந்ததும் காடியின் கணினியே பம்பை நிறுத்திவிடுகிறது, விபத்தில் இஞ்சின் நின்றுபோனாலும் பெட்ரோல் பீய்ச்சாமல் இருப்பது இதனால்தான். அந்தச் சத்தமே வராவிட்டால் உடனே புதுப் பம்பு வாங்கப் பணத்தை எடுக்காதீர்கள், முதலில் ஃபியூஸையும், பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். அதே மாதிரி ரிலே பெட்டியில் இன்னொன்று இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.